யாரும் வந்து பார்க்காத பஞ்சிங் பட்டறை

வீரலட்சுமிக்குப் பேங்க் என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் வாயில் எச்சில் ஊறுகிறது. துப்பத் தோன்றும்போது ஊறுகிற எச்சில். அதே வீரலட்சுமி ஒரு காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் தலைக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, சலவைச் சேலை உடுத்திக்கொண்டு பேங்குக்குப் போய் வந்தவள் என்று சொன்னால் அவள் பட்டறையில் வேலை பார்க்கும் பெண்களே நம்ப மாட்டார்கள்.

அவள் பிறந்தது ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் காட்டு ஊர். அப்பனும் ஆத்தாளும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். மழை பொய்த்த வருசம் ஒன்றில், பதினொரு வயதுப் பிள்ளையாக வீரலட்சுமி கம்பெனி வேனில் ஏறினாள். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டினாள். அப்புறம் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி மடித்தாள். எந்த அட்டை மடிப்பில் கீறி வெடிக்கும், எது வெடிக்காது என்பது இருபது வயதுக்குள் அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வேனை ஓட்டிய சங்கிலிமுத்துவைக் கட்டிக்கொண்டு சிவகாசிக்குக் குடி வந்தாள்.

தொண்ணூற்றொன்பதில், சீட்டுப் பணத்தோடு காதில் கிடந்ததையும் விற்றுப் போட்டு, ஒரு பிரஸ்காரர் ஒதுக்கித் தள்ளிய பழைய பஞ்சிங் மெஷினை வாங்கினாள். ஊருக்கு மேற்கே வாடகைக்கு ஒரு தகரக் கொட்டகை பிடித்தாள். பிரஸ்ஸில் படம் அச்சடித்து வருகிற அட்டையை, பெட்டியாக மடிக்கத் தோதாக வெட்டி, மடிப்புக்கோடு போட்டுக் கொடுப்பது வேலை. பூச்சட்டிப் பெட்டி, சக்கரப் பெட்டி, கம்பி மத்தாப்புப் பெட்டி எல்லாம் அவள் மெஷினில் வெட்டுப்பட்டுப் போகும். பெட்டி மட்டும்தான். அதற்குள் போகிற மருந்துக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கொட்டகைக்குள் ஒரு தீக்குச்சியைக்கூட விட மாட்டாள். அட்டை அல்லவா.

பேங்கோடு அவளுக்குச் சங்காத்தம் வந்தது இரண்டாயிரத்து ஒன்றில். இனிமேல் கூலியைச் செக்காகத்தான் தருவோம் என்று ஒரு பெரிய பிரஸ் சொல்லிவிட்டது. கரண்ட் அக்கவுண்ட் ஆரம்பிக்கப் போனவளிடம் அன்றைக்கு இருந்த மேனேஜர் ஒரு வார்த்தை சொன்னார். "மூணு வருஷம் ஒழுங்கா வரவு செலவு காட்டுங்கம்மா. அப்புறம் உங்களுக்கு என்ன வேணுமோ பேங்க் செய்யும்." அவர் அதைப் போகிற போக்கில், பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். அவள் அதைச் சாமி வாக்காக எடுத்துக்கொண்டாள்.

மூன்று வருசத்தில் ஒரு செக் திரும்பவில்லை. கையில் வருகிற ரொக்கத்தையும் வரிசையில் நின்று கட்டினாள். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சிரித்தார்கள். "பேங்கு நம்மள மாதிரி ஆளுக்கா இருக்கு" என்றார்கள். வீரலட்சுமி அடுத்த வாரமும் போய் வரிசையில் நின்றாள். அவள் மனசில் ஒரு கணக்கு இருந்தது. சித்திரையில் அட்டை லோடு வர ஆரம்பித்தால் புரட்டாசி வரைக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. கூலியை மட்டும் பிரஸ்காரர்கள் தீபாவளி கழிந்துதான் கண்ணில் காட்டுவார்கள். அந்த ஆறு மாசத்துக்குத் தோள் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். இன்னொரு மெஷின் போட்டால் அலையவிடாமல் வேலையை முடித்துக் கொடுக்கலாம். நம் வேலையைத் தெரிந்த, நம் சீசனைத் தெரிந்த ஒரு பெரிய மனிதர் பேங்கில் இருந்தால் போதும் என்று நினைத்தாள். ஒரு தடவை வந்து மெஷின் ஓடுகிறதைப் பார்த்துவிட்டால், பிறகு எதையும் விளக்க வேண்டியிருக்காது என்று நம்பினாள்.

மூன்றாவது வருசம் முடிகிறபோது அந்த மேனேஜருக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுத்து வந்தவர், "அவர் சொன்னது எனக்கெப்படித் தெரியும்? சொத்துப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்றார். சங்கிலிமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனாள். மேனேஜர் பட்டறையைப் பற்றிச் சங்கிலிமுத்துவிடமே கேட்டார். அவன் ஒவ்வொரு கேள்விக்கும், "எனக்கு வேன் ஓட்டத்தான் சார் தெரியும். அவளைக் கேளுங்க" என்றான். அவர் கடைசி வரைக்கும் அவளைக் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் நல்லசிவம் மேனேஜராக வந்தார். வெளியூர்க்காரர். சிரித்த முகம். வரிசையில் நின்றவளைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு, "உட்காருங்கம்மா" என்று நாற்காலியைக் காட்டினார். ஐந்து வருசத்தில் அந்த அறையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"உங்க அக்கவுண்ட்டைப் பார்த்தேன். தங்கம் மாதிரி வச்சிருக்கீங்க. ஏம்மா லோன் கேக்கல?"

"கேட்டேன் சார். பத்திரம் இல்லைன்னுட்டாக."

"பத்திரமே வேண்டாம்மா. அஞ்சு லட்சம் வரைக்கும் அரசாங்கமே ஜாமீன் நிக்குது. ஒரு கோட்டேஷன் வாங்கிட்டு வாங்க."

வீரலட்சுமி அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் கால் கிலோ காராசேவு வாங்கிக்கொண்டு போனாள். புது மெஷினுக்கு மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று கோட்டேஷன் வந்தது. ஆடிட்டர் ஒருவர் திட்ட அறிக்கை எழுதிக் கொடுத்தார். பேங்கில் ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டி, பென்சிலால் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எல்லாம் இங்கிலீஷ். முப்பத்தேழு கையெழுத்து. எண்ணிக்கொண்டே போட்டாள்.

கடைசியில் நல்லசிவம் இன்னொரு தாளை எடுத்தார். "இது ஒரு பாலிசிம்மா. வருஷம் இருபத்தஞ்சாயிரம். இதையும் போட்டா ஃபைல் சீக்கிரம் நகரும்."

சங்கிலிமுத்து அன்று கூட வந்திருந்தான். வெளியே வந்ததும் கேட்டான். "அது மெஷினுக்கு இன்சூரன்சா, ஒனக்கு இன்சூரன்சா?"

"தெரியல. லோனோட சேர்ந்ததுன்னு சொல்லுறாக."

"தெரியாமலா கையெழுத்துப் போட்ட?"

"முப்பத்தேழு போட்டாச்சு. முப்பத்தெட்டாவதுல போய் நின்னா நல்லாவா இருக்கும்?"

இருபத்தைந்தாயிரம் அக்கவுண்டிலிருந்து உடனே போய்விட்டது. பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க வைத்திருந்த பணம். அந்த வாரம் வெளியில் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போட்டாள். சீசன் முழுக்கப் பழைய மெஷினையே இராப்பகலாக ஓட்டினாள். ஃபைல் ரீஜனல் ஆபீசுக்குப் போயிருக்கிறது என்றார்கள். வரும் என்றார்கள். வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள்.

புரட்டாசியில் ஒருநாள் நல்லசிவம் போன் செய்தார். "அம்மா, தீபாவளி வருது. ரீஜனல் ஆபீசுக்கு ஒரு இருபது பாக்ஸ் அனுப்பிடுங்க. உங்களுக்கு அது ஒரு விஷயமா?"

வீரலட்சுமிக்கு உள்ளபடியே சந்தோசம். கடைசியில் நம் சரக்கைக் கேட்கிறார்களே என்று நினைத்தாள். அந்த வருசம் அவள் வெட்டியதிலேயே அழகான பெட்டியை எடுத்தாள். மயில் படம் போட்டு, பொன்னிறத் தாள் ஒட்டிய கிஃப்ட் பாக்ஸ். ஓரம் பிசிறில்லாமல் பார்த்து, தன் கையாலேயே இருபதையும் மடித்து ஒட்டிக் கொண்டுபோனாள். வாசலில் பியூன் நாகையா வாங்கித் தூக்கிப் பார்த்தார். எடையே இல்லை. ஒன்றைத் திறந்து உள்ளே பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன தாயி இது? காலிப் பெட்டிய வச்சு அங்கன என்ன செய்வாக?"

"பாக்ஸ்தான கேட்டாரு."

நாகையா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "பட்டாசு நெறஞ்ச பாக்ஸத்தான் கேட்டிருக்காக. இத உள்ள கொண்டு போனா ஒன்னையத்தான் கேலி பேசுவாக. கொண்டு போயி ரொப்பிட்டு வா. நான் ஒண்ணும் பாக்கல."

பட்டாசுக் கடையில் கடன் சொல்லி இருபது பெட்டிக்கும் சரக்கு வாங்கி நிரப்பினாள். எட்டாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. அதைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது நல்லசிவம் தலையை நிமிர்த்தாமலே, "அங்க வைங்கம்மா" என்றார். மேஜைக்குப் பின்னால் ஏற்கெனவே வேறு வேறு கம்பெனிப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. அவரைப் பார்க்க, கசாப்புக் கடை வாசலில் எலும்புக்குக் காத்திருக்கிற நாயின் ஞாபகம் அவளுக்கு வந்தது. அப்படி நினைக்கக் கூடாது என்று உடனே தன்னையே அதட்டிக்கொண்டாள்.

மார்கழியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். நல்லசிவம் குண்டூசி ஒன்றால் நகத்துக்குள் இருந்த அழுக்கை எடுத்து, மேஜை ஓரத்தில் வழித்துக்கொண்டிருந்தார்.

"திரும்பி வந்திடுச்சும்மா. வெடிபொருள் லைசன்ஸ் வைக்கலையாம்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "என்ன லைசன்ஸ் சார்?"

"பட்டாசு செய்யறதுக்கான லைசன்ஸ்."

"நான் எங்க சார் பட்டாசு செய்யுறேன்? நான் பெட்டி வெட்டுறேன்."

அவர் ஃபைலைத் திருப்பிப் பார்த்தார். முதல் பக்கத்திலேயே இருந்தது. தொழில், பட்டாசு உற்பத்தி. அதற்குப் பின்னால் ஒரு தாள். யூனிட்டை நேரில் பார்வையிட்டோம், வெடி தயாரிக்கும் அறைகள் விதிப்படி இடைவெளி விட்டுக் கட்டப்பட்டுள்ளன, ஸ்டாக் திருப்தியாக உள்ளது என்று எழுதி, தேதி போட்டு, அதிகாரி கையெழுத்தும் வைத்திருந்தது. அதற்குக் கீழே பென்சில் குறி. குறிக்கு மேல் வீரலட்சுமியின் கையெழுத்து.

அவர் வாசித்து அர்த்தம் சொல்லச் சொல்ல அவளுக்கு விளங்கியது. ஐந்தரை வருசமாக அவளிடம் பணம் வாங்கிப் போட்ட இடத்தில், அவள் என்ன வேலை செய்கிறாள் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வேறு யாருடைய ஃபைலிலிருந்தோ பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

"யாரும் வரவே இல்லையே சார். வந்து பார்த்ததா எழுதியிருக்கே."

"ஆள் பத்தாதும்மா. எல்லா யூனிட்டுக்கும் எங்க போக முடியும்? சிவகாசின்னா பட்டாசுதானேன்னு போட்டிருப்பாங்க. நீங்களும் தீபாவளிக்குப் பட்டாசு அனுப்புனீங்க. நான் உங்க கம்பெனிச் சரக்குன்னுல்ல நினைச்சேன்."

"அது கடன் சொல்லி வாங்கினது சார்."

"அடடா" என்றார் அவர். குண்டூசியைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டார். "சரி, மாத்தி எழுதி அனுப்பலாம். ஏப்ரல்ல புது டார்கெட் வரும். அப்ப பாத்துக்கலாம்."

"பாலிசிப் பணத்த திருப்பிக் குடுங்க."

"அது மூணு வருஷத்துக்கு எடுக்க முடியாதும்மா. அது வேற கம்பெனி. எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை."

கட்டச் சொன்ன வாயே அதைச் சொன்னது. வீரலட்சுமி எழுந்து வெளியே வந்தாள். குழாயடியில் வாயைக் கொப்பளித்தாள். ஒரு தடவை கொப்பளித்தும் எச்சில் ஊறுவது நிற்கவில்லை. அவரை நினைத்துக் குமட்டியதைவிடத் தன்னை நினைத்துத்தான் அதிகம் குமட்டியது. ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னதற்காக எட்டு மாசம் வாலாட்டியிருக்கிறோமே என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமைத் தலைக்குளியலும் சலவைச் சேலையும் ஞாபகம் வந்தபோது உடம்பு கூசியது.

வீட்டில் சங்கிலிமுத்து விசயத்தைக் கேட்டுவிட்டு, "நாளைக்கே போய் அந்தாள நாலு கேள்வி கேக்கேன்" என்றான்.

"நீங்க போனா ஒங்களுக்கு நாற்காலி போடுவான். எனக்குப் பதில் கெடைக்காது. விடுங்க."

மறு வருசம் மெஷின் விற்கிற வியாபாரியிடமே போய்ப் பேசினாள். அவர் கொட்டகைக்கு வந்தார். அரை நாள் இருந்தார். பழைய மெஷினில் அவள் வெட்டிய அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். யார் யார் லோடு தருகிறார்கள் என்று கேட்டுக்கொண்டார். "சீசன் முடிஞ்சு பெருசாத் தாங்க, மத்த மாசம் சிறுசாத் தாங்க" என்று அவராகவே சொன்னார். வட்டி பேங்க் வட்டியைவிட ஒன்றரை மடங்கு. தெரிந்தே ஒப்புக்கொண்டாள். புது மெஷின் வந்து இறங்கிய அன்று அவளுக்குப் பெரிய சந்தோசமெல்லாம் வரவில்லை. வேலை இருந்தது, பார்த்தாள்.

இரண்டாயிரத்து எட்டு மாசியில் பேங்குக்காரர்கள் கொட்டகைக்கு வந்தார்கள். ஏழு வருசத்தில் அதுதான் முதல் தடவை. சொல்லிக்கொண்டு வரவில்லை. வெள்ளைக் கார் ஒன்று வாசலில் நிற்க, நல்லசிவமும், விருதுநகரிலிருந்து ரீஜனல் ஆபீஸ் அதிகாரி ஒருவரும், போட்டோ எடுக்கிறவர் ஒருவரும் இறங்கினார்கள். மகளிர் தினத்துக்குச் சாதித்த பெண் வாடிக்கையாளர்களைப் படம் பிடிக்கிறார்களாம்.

சாப்பாட்டுக்கு வந்திருந்த சங்கிலிமுத்துவைப் பார்த்து அதிகாரி கைகுலுக்கினார். "பிசினஸ் எப்படிப் போகுது சார்?"

"நான் வேன் ஓட்டுறேன்யா. மொதலாளி அந்தா நிக்கா."

அதிகாரி சிரித்துச் சமாளித்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். போட்டோக்காரர் அவளைப் புது மெஷினின் மேல் கை வைத்து நிற்கச் சொன்னார். ஓடுகிற மெஷின் மேல் கை வைக்க முடியாது என்றாள். நிறுத்தச் சொன்னார். நிறுத்த முடியாது, லோடு சாயங்காலம் போக வேண்டும் என்றாள். பக்கத்தில் நின்றபடியே எடுத்துக்கொண்டார்.

அதிகாரி ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "சொல்லுங்கம்மா, எங்க பேங்க்கிட்ட நீங்க என்ன எதிர்பார்க்கிறீங்க?"

மெஷின் சத்தத்தில் அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. "இந்த மெஷின ஒங்க பேங்கு வாங்கித் தரல சார். மொதல்ல அத எழுதிக்கோங்க. முடியாதுன்னா முடியாதுன்னு மொத நாளே சொல்லணும். எட்டு மாசம் இழுத்துச் சொல்லக் கூடாது. நான் என்ன தொழில் செய்யுறேன்னு ஒங்க ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும். வராமலே வந்தேன்னு எழுதக் கூடாது. எங்களுக்கு எந்த மாசம் பணம் வரும், எந்த மாசம் வராதுன்னு ஒரு நாள் ஒக்காந்து கேளுங்க. சலுகை ஒண்ணும் கேக்கல. இம்புட்டுத்தான்."

நல்லசிவம் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். "ரொம்ப நல்லாப் பேசறீங்கம்மா" என்றார். தாளை நல்லசிவத்திடம் கொடுத்தார். அவர் அதைக் கார் பானெட்டின் மேல் வைத்து என்னவோ குறித்து எடுத்துக்கொண்டு வந்தார். "இங்க ஒரு கையெழுத்தும்மா."

இந்தத் தடவை தாள் தமிழில் இருந்தது. வீரலட்சுமி நின்று வாசித்தாள். கிளையின் சேவை, மிக நன்று. ஊழியர் அணுகுமுறை, மிக நன்று. கடனுதவியால் பயன் அடைந்தீர்களா, ஆம். எதிர்பார்ப்புகள் என்ற இடத்தில் ஒரு கோடு கிழித்திருந்தது.

"நான் சொன்னது இதுல இல்லையே சார்."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா."

"அப்ப சும்மா ஒரு கையெழுத்தும் வேண்டாம்" என்று தாளை அவர் சட்டைப் பையிலேயே மடித்துச் செருகினாள். பட்டறைப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காரில் ஏறினார். கார் போன பிறகு அவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

இரண்டு மாசம் கழித்துச் செக் போடப் போனபோது பேங்க் சுவரில் தன் படத்தைப் பார்த்தாள். சட்டம் போடாத பெரிய அட்டை. மெஷினுக்குப் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நின்றாள். கீழே, 'எங்கள் கடனுதவியால் உயர்ந்தவர்' என்று எழுதியிருந்தது. எடுக்கச் சொல்லிக் கேட்டாள். ரீஜனல் ஆபீசில் கேட்க வேண்டும் என்றார்கள். அடுத்த மாசம் கேட்டாள். எழுதியிருக்கிறோம் என்றார்கள். நல்லசிவம் பதவி உயர்வில் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், "உங்க படம் போட்டிருக்காங்க, பெருமைப்படாம எடுக்கச் சொல்றீங்களே" என்றார். மின்வெட்டில் விசிறி ஓடாத அந்த அறையில் அவரோடு பேசிக்கொண்டு நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது ஆடியில் பாலிசிக்காரர்கள் செக் அனுப்பினார்கள். முதல் வருசத்தோடு அவள் நிறுத்திவிட்ட பாலிசி; கட்டிய இருபத்தைந்தாயிரத்துக்கு ஒன்பதாயிரத்து நூற்றுப் பத்து. அதைப் போட்டு எடுத்த மறுநாளே அக்கவுண்ட்டை மூடப் போனாள். எட்டு வருசக் கணக்கை மூடுகிறவளிடம் ஏன் என்று ஒருவர் கேட்கவில்லை. விண்ணப்பத்தில் காரணம் என்று ஒரு இடம் இருந்தது. அவள் பேனாவை வைத்து யோசிப்பதற்குள் கவுண்டரில் இருந்த பெண், "அது வேண்டாங்க, விட்டுருங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

மீதிப் பணத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வீரலட்சுமி நேரே சுவருக்குப் போனாள். வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். நான்கு மூலையிலும் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் பிய்த்து, படத்தை எடுத்து, இரண்டாக மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கண்ணாடி அறையில் மேனேஜர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கவுண்டர்ப் பெண் அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள். நாகையா மட்டும் பார்த்தார். பார்த்துவிட்டு, அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

கொட்டகையில் வெட்டுப்பட்ட அட்டைக் கழிவு மலை மாதிரிக் குவிந்திருந்தது. அதன் மேல் படத்தை எறிந்தாள். சனிக்கிழமை பழைய பேப்பர்க்காரர் வந்து மொத்தத்தையும் கட்டித் தராசில் போட்டார்.

இப்போது வேறொரு பேங்கில் அவளுக்கு அக்கவுண்ட் இருக்கிறது. செக் மாற்றுவதற்கு மட்டும். அங்கே யாரிடமும் அவள் எதுவும் கேட்பதில்லை, அவர்களும் எதுவும் கேட்பதில்லை. மெஷின் வியாபாரிக்குக் கடைசித் தவணையை அடுத்து வந்த தைக்கு முன்னாலேயே கட்டி முடித்தாள். வட்டியாக மட்டும் எவ்வளவு போயிற்று என்று சங்கிலிமுத்து ஒருநாள் கேட்டான்.

"அதச் சொன்னா ஒங்களுக்குச் சோறு எறங்காது" என்று சொல்லிவிட்டு அடுத்த லோடைப் பிரிக்கப் போனாள்.